நாம் என்னும் உணர்வை அளப்பது எப்படி?

(பங்குச் சங்கங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் சங்கங்களின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். உறுப்பினர் எத்தனை பேர், சந்தா எவ்வளவு, கூட்டங்கள் எத்தனை என்று கணக்காக எழுதியிருக்கிறோம். "இது என் சங்கம்" என்று மனதார எண்ணுகிறவர் எத்தனை பேர்? அந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

தாயார் ஒருவர் ஆறு மாதமாகக் கூட்டத்திற்கு வரவில்லை. "வரவில்லை" என்று நாம் குறித்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் வீடு தேடிப் போனோம். "டீ போடக் கூப்பிடுறீங்க, ஒரு முடிவு எடுக்கும்போது என்னைக் கேட்டிருக்கீங்களா?" என்றார். நாம் தலைகுனிந்தோம்.

இந்த உணர்வைப் பற்றி அமெரிக்க உளவியல் அறிஞர் சீமோர் சாரசன் 1974-ல் ஒரு நூலே எழுதினார். 1986-ல் மக்மில்லன், சாவிஸ் என்ற இருவர் இதை நான்காக வகுத்தனர். ஒன்று, நானும் இதைச் சேர்ந்தவன் என்ற உரிமை. இரண்டு, என் சொல் இங்கே எடுபடும் என்ற நம்பிக்கை. மூன்று, என் தேவைக்கு இவர்கள் உதவுவார்கள் என்ற உறுதி. நான்கு, இன்ப துன்பங்களில் சேர்ந்து நின்றதால் வரும் பாசம். அந்தத் தாயாருக்கு முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை.

இவற்றை அளக்க முதலில் 12 வாக்கியங்கள் கொண்ட வினாத்தாள் வந்தது. 2008-ல் அது 24 வாக்கியங்களாக விரிந்தது. ஒவ்வொன்றுக்கும் "இல்லவே இல்லை" என்பது முதல் "முழுமையாக" என்பது வரை நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும்.

நாமும் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் தலைவர் முன்னிலையில் கை தூக்கச் சொன்னால் எல்லாக் கைகளும் உயரும்! ஆகவே தாளில் பெயர் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வேறு சங்கத்தார் ஒருவர் வாசித்துக் காட்டட்டும். விலகிப் போனவர்களையும் மறவாமல் கேட்போம். குறையை அறிந்தவர்கள் அவர்களே.

சராசரியைக் கண்டு மகிழ்ந்துவிடவும் வேண்டாம். பத்துப் பேரில் எட்டுப் பேர் நிறைவு என்றால், மீதி இருவர் எப்படிப்பட்டவர்கள்? பெண்களா, புதிதாகக் குடிவந்தவர்களா, வசதி குறைந்தவர்களா? தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப்போன ஆயனின் கதை நமக்குத் தெரியாததல்ல.

தலைகளை எண்ணியது போதும், மனங்களையும் கேட்போம். கேட்டபின் மாறுவோம்.