பெயர் தெரியாத கல்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



புவிச்சரிதவியல் படித்தவள் என்று தெரிந்தவுடன் ஆட்கள் என்னிடம் கல் கொண்டு வருவார்கள். கைப்பையிலிருந்து எடுப்பார்கள், பிள்ளையின் பென்சில் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். ஒருமுறை கலியாண வீட்டுப் பந்தியிலும் ஒரு கல் வந்தது. "இது என்ன கல்?" என்று கேட்பார்கள். "எங்கே எடுத்தீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் நிலம். அங்கே வளவில் கிண்டும்போது கறுத்த, பாரமான, கத்தியால் கீற முடியாத கல் அகப்பட்டால் அது யாரோ கொண்டுவந்தது. உடைந்த அம்மியாக இருக்கலாம், தண்டவாளத்துக்குப் போட்ட சல்லியாகவும் இருக்கலாம். அதே கல் இரத்தினபுரிப் பக்கத்து ஆற்றுப் பருக்கையில் கிடைத்திருந்தால் கதை வேறு.

மற்றப் பாதிக்கு வீட்டுச் சாமான்களே போதும். நகத்தின் வன்மை மோ அளவுத்திட்டத்தில் ஏறக்குறைய 2.5, உருக்குக் கத்தியினது 5.5, படிகக்கல்லினது 7. வெள்ளைக் கல்லைக் கத்தி கீறி, தேசிக்காய்ப்புளி பட்ட இடத்தில் மெல்ல நுரைத்தால் அது சுண்ணக்கல் வகை. தரையோட்டின் மினுக்கமில்லாத பின்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள்: ஹெமற்றைற்று எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் செங்கபிலக் கோடு போடும். கறுப்புக் கோடு போட்டுக் காந்தத்தையும் இழுத்தால் மக்னற்றைற்று. பட்டை தீட்டிய கல்லில் மட்டும் கத்தி வைக்க வேண்டாம்.

பிறகு நிறை. காற்றில் ஒருமுறை, நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி ஒருமுறை நிறுத்தால் அடர்த்தி தெரியும். கைத்தொலைபேசியில் படம் அனுப்பிப் பெயர் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, படத்துக்குப் பாரமில்லை என்பதுதான்.

இவ்வளவும் செய்தும் பெயர் பொருந்தாமல் போவதுண்டு. 1945 இல் டப்ளின் நகரில் எட்வேட் சார்ள்ஸ் றிச்சர்ட் டாஃபே என்பவர் நகைக்கடைக்காரர் ஒருவரின் பழைய கற்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அவற்றுள் இளம் ஊதா நிறக் கல் ஒன்று, எடை 1.419 கரட், ஒரு கிராமில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. நிறமும் அடர்த்தியும் ஸ்பினல் என்றே சொல்லின. ஆனால் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது பின்பக்கத்துக் கீறலும் தூசியும் இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பினல் ஒளியை இரண்டாகப் பிரிக்காது. "கண் களைத்துவிட்டது" என்று அதை ஸ்பினல் குவியலில் போட்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் லண்டனில் இரத்தினக்கல் ஆய்வுகூடம் நடத்திய அன்டர்சனுக்கு அதை அனுப்பினார்.

அன்டர்சனுக்கும் பெயர் தெரியவில்லை. கல் பிரித்தானிய நூதனசாலைக்குப் போனது. அங்கே கிளாறிங்புல் ஊடுகதிராலும் ஹே இரசாயனத்தாலும் ஆராய்ந்தார்கள். பெரிலியமும் மக்னீசியமும் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த, அதுவரை யாரும் அறியாத கனிப்பொருள் என்று 1951 இல் வெளியிட்டார்கள், பெயர் டாஃபேயைற்று. பட்டை தீட்டிய இரத்தினக்கல் ஒன்றிலிருந்து புதுக் கனிப்பொருள் அடையாளங் காணப்பட்டது அதுவே முதல் தடவை. அந்தச் சோதனைக்குக் கல்லில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. டாஃபே கொடுத்தார்.

எங்கே எடுத்த கல் என்ற கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் இருக்கவில்லை. பெட்டிக்குள் வந்த கல்லுக்கு ஊர் ஏது? பின்னர் எங்கள் நாட்டு இரத்தினப் பருக்கைகளில் அந்த இனம் அகப்பட்ட பிறகுதான், முதற்கல்லும் இங்கிருந்தே போயிருக்கும் என்று கருதினார்கள்.

இதை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. என்னோடு படித்த ஒருத்தி, இப்போது வெளிநாட்டில் இருப்பவள், போன வருடம் தன் அப்பாவின் பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்து தந்தாள். அவர் நில அளவையாளர். போன இடமெல்லாம் கல் பொறுக்கியவர். 17 கற்கள், ஒவ்வொன்றிலும் வெள்ளை மையால் அவர் கைப்பட எழுதிய இலக்கம். இலக்கங்களுக்குரிய கொப்பி 1995 இடப்பெயர்வில் தொலைந்து போயிற்று. அவரும் இப்போது இல்லை. சகோதரிகள் மூவருக்கும் பிரிக்க முன்னர் எது என்னவென்று அறிய வேண்டும் என்றாள்.

16 கற்களுக்கு வீட்டுச் சாமான்களே போதுமாயிருந்தன. பெரும்பாலும் படிகக்கல், கார்னற், மக்னற்றைற்று. விற்றால் தகரத்தின் விலைகூடத் தேறாது. 9 ஆம் இலக்கம்தான் மிஞ்சியிருக்கிறது. தேன் நிறம், அடர்த்தி 3.5 க்குக் கிட்ட. புஷ்பராகமாக இருக்கலாம். அல்லது சிங்களைற்றாக இருக்கலாம். 1952 வரை கபில நிறப் பெரிடொற் என்று நினைத்திருந்த எங்கள் நாட்டுக் கல் அது. ஒளிமுறிவை அளந்தால் எது என்று உடனே தெரியும். அதற்கு மினுக்கிய தட்டையான முகம் ஒன்று தேவை. கல் சிறியது, அதில் தட்டையாக உள்ள ஒரே பக்கம் இலக்கம் எழுதிய பக்கம்.

அதைத் தேய்க்கலாமா என்று கேட்டு எழுதினேன். "கொஞ்சம் பொறு, அம்மாவைக் கேட்டுச் சொல்லுறன்" என்று பதில் போட்டிருக்கிறாள்.