ஒரு பருவத்தின் உழைப்பும் ஓர் இரவும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அறிவிப்பாளர் ஆற்றிய உரை)



ஒரே ஒரு தேர்வு ஒருவரின் தகுதியைச் சொல்லிவிடுமா? இதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசியவர்கள் பள்ளித் தேர்வுகளைப் பற்றிச் சொன்னார்கள். நான் உங்களைக் கூடைப்பந்து அரங்கம் ஒன்றுக்கு அழைத்துச் செல்கிறேன். இடம், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம்.

1953ஆம் ஆண்டு, அந்த வட்டாரத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அட்லாண்டிக் கோஸ்ட் கான்பரன்ஸ் என்ற விளையாட்டுக் கூட்டமைப்பை அமைத்தன. சுருக்கமாக, ஏசிசி. மறு ஆண்டே ராலே நகரில் அதன் முதல் கூடைப்பந்து வெற்றியாளர் போட்டி நடந்தது. எட்டுக் குழுக்கள், மூன்று நாள், தோற்றால் வெளியே. இறுதியாட்டத்தில் அந்நகரின் என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகம், வேக் ஃபாரஸ்ட் குழுவைக் கூடுதல் நேரத்தில் 82-80 என வென்றது.

இதில் என்ன சிக்கல் என்கிறீர்களா? அந்நாளில் தேசியப் போட்டிக்கு ஒரு கூட்டமைப்பிலிருந்து ஒரு குழுதான் போக முடியும். ஏசிசியில் அந்த இடம், பருவம் முழுவதும் நன்றாக ஆடிய குழுவுக்கு அல்ல. இந்த மூன்று நாளில் வென்ற குழுவுக்கே!

1957இல் ஒரு தோல்வியும் காணாத வட கரோலினா பல்கலைக்கழகம், அரையிறுதியில் இரண்டே புள்ளி வித்தியாசத்தில் தப்பியது. பிறகு 32 ஆட்டங்களையும் வென்று தேசிய வெற்றியாளர் ஆனது. 1970இல் தென் கரோலினாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கூட்டமைப்பில் ஆடிய 14 ஆட்டங்களையும் வென்ற அக்குழு, இறுதியாட்டத்தில் என்.சி. ஸ்டேட்டிடம் 42-39 எனத் தோற்றது. பருவம் அத்தோடு முடிந்தது.

நேயர்களே, 1974ஆம் ஆண்டு மார்ச் 9 இரவுக்கு வருவோம். கிரீன்ஸ்போரோ அரங்கில் என்.சி. ஸ்டேட்டும் மேரிலாண்டும் மோதின. ஒன்று நாட்டின் முதல் நிலைக் குழு. மற்றொன்று நான்காம் நிலை. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. டாம் பர்லசன் 38 புள்ளிகள் குவிக்க, என்.சி. ஸ்டேட் 103-100 என வென்றது. நாட்டின் தலைசிறந்த குழுக்களில் ஒன்றான மேரிலாண்டு, தேசியப் போட்டிக்குப் போகாமலேயே வீடு திரும்பியது.

அந்தக் குழுவின் பயிற்றுநர் லெஃப்டி டிரீசல் என்ன செய்தார் தெரியுமா? எதிரணியின் பேருந்தில் ஏறினார். அவர்களைப் பாராட்டி, தேசியப் பட்டத்தையும் வென்று வாருங்கள் என்று வாழ்த்திவிட்டு இறங்கினார். அவர்களும் அப்படியே வென்றார்கள். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் பட்டத்தை வைத்திருந்த யுசிஎல்ஏவை அரையிறுதியில் வீழ்த்தினார்கள்.

தோற்றவரின் பெருந்தன்மையைப் போற்றுவோம். ஆனால் பெருந்தன்மை அநீதியைச் சரி செய்யாது. விதிதான் சரி செய்ய வேண்டும். 1975இல் தேசியப் போட்டி 32 குழுக்களாக விரிந்தது. ஒரு கூட்டமைப்பிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் போகலாம் என்றானது. அந்த மாற்றத்துக்கான காரணங்களைப் பேசும்போதெல்லாம் அந்த இரவும் நினைவுகூரப்படுகிறது.

தொலைக்காட்சிக்காரியான நான் இன்னோர் ஆட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1982 இறுதியாட்டம். ஒரு பக்கம் வட கரோலினாவின் மைக்கல் ஜோர்டான். மறு பக்கம் வர்ஜீனியாவின் ரால்ஃப் சாம்சன். நாடே பார்க்கிறது. ஆனால் முன்னிலையைக் காக்க வட கரோலினா பந்தைக் கைமாற்றிக்கொண்டே பல நிமிடங்களைக் கடத்தியது. முடிவு 47-45. பார்த்தவர்கள் சலித்துப் போனார்கள். அடுத்த பருவத்தில் ஏசிசி, 30 வினாடிக்குள் பந்தை எறிய வேண்டும் என்று சோதித்துப் பார்த்தது. 1985-86 பருவத்தில் 45 வினாடி விதி கல்லூரி ஆட்டங்கள் அனைத்துக்கும் வந்தது.

அப்படியானால் ஒரு நாள் தேர்வே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். 2024க்கு வாருங்கள். அதே என்.சி. ஸ்டேட், இப்போது பத்தாம் நிலையில், 14 தோல்விகளோடு வருகிறது. பருவத்தின் கடைசி நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. அந்தக் குழு ஐந்து நாளில் ஐந்து ஆட்டங்களை வென்றது! இறுதியில் வட கரோலினாவை 84-76 என வீழ்த்தி, 1987க்குப் பிறகு முதல் முறையாகப் பட்டம் பெற்றது. தேசியப் போட்டியிலும் அரையிறுதி வரை சென்றது. பருவம் கைவிட்டவர்களை அந்தப் போட்டி தூக்கி நிறுத்தியது.

நானும் ஒரு தேர்வில் தோற்றவள்தான். ஓர் ஒளிபரப்பு நிலையத்தின் குரல் தேர்வில், டிப்ளோமா சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே நாக்குக் குழறி நின்றேன். ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். மறு ஆண்டு மீண்டும் அழைத்தார்கள். அந்த இரண்டாவது அழைப்பு வராவிட்டால், இன்று உங்கள் முன் நின்றிருக்க மாட்டேன்.

ஆகவே, என் முடிவு இதுதான். தேர்வு இருக்கட்டும். எதிர்பாராதவருக்கும் அது வாசலைத் திறக்கிறது. ஆனால் அதுவே ஒரே வாசலாக இருக்கக் கூடாது. 1974இல் மேரிலாண்டுக்கு இல்லாத இன்னொரு வாசலை நம் பிள்ளைகளுக்காவது திறந்து வைப்போம்.