பலர் கூடி எழுதும் பன்மொழி ஏடு

பிழைப்பை நாடி அயல் மாநிலத்தில் குடியேறிய தமிழர்க்கு முதல் நாளின் திகைப்பு எளிதில் மறவாது. தெருப்பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கவும் இயலாது நிற்கிறோம். யாரேனும் ஒரு தமிழர் எதிர்ப்பட்டு, "நேரே போய்ப் பிள்ளையார் கோயிலண்டை திரும்புங்கள்" என்று கூறிவிட்டால், அவ்வூர் பாதி நம்முடையதாகிவிடுகிறது. இவ்வாறு வழி சொல்லும் பணியைப் பல மொழியினரும் கூடி ஓர் ஏட்டில் எழுதி வைக்க முற்பட்டால் நேரும் நன்மை யாது, இடர் யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் உலகப்படத்தை நேயர்களுள் சிலர் அறிந்திருப்பீர்கள். எவரும் தாம் அறிந்த தெருவை அதில் வரையலாம். ஆயினும் ஒவ்வொருவரும் மனம்போனபடி வரைந்தால் படம் உருப்படுமா? பள்ளியை எவ்வாறு குறிப்பது, ஒற்றையடிப் பாதையை எவ்வாறு குறிப்பது என்பதற்கு நெறிகள் வேண்டும். அந்நெறிகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஏடே அப்படத்தின் விக்கி. விரைவைக் குறிக்கும் ஹவாய்த் தீவுச் சொல் அது. படிப்பவரே திருத்தி எழுதக்கூடிய கணினி ஏட்டுக்கு 1995இல் வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்கர் அப்பெயரைச் சூட்டினார்.

இவ்வேட்டில் நுழைபவர் முதலில் ஒன்றை உணர்தல் வேண்டும். படத்தில் இடும் குறிச்சொற்கள் எந்நாட்டிலும் ஆங்கிலச் சொற்களே. மும்பையிலாயினும் மியூனிக்கிலாயினும் பள்ளிக்கூடத்திற்கு 'ஸ்கூல்' என்றே எழுத வேண்டும். கணினிக்கு ஒரே சொல் இருந்தால்தான் விளங்கும். நம் மொழிக்கு உரிய இடங்கள் இரண்டு. ஒன்று, ஊர்ப்பெயரும் தெருப்பெயரும். மாட்டுங்கா என்பதை மராத்தியில் ஒரு வரியாகவும் தமிழில் ஒரு வரியாகவும் அருகருகே பதிந்து வைக்கலாம். ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. மற்றொன்று, அக்குறிச்சொல்லின் பொருளை விளக்கும் பக்கம்.

அவ்விளக்கப் பக்கங்களைக் கண்டடையும் முறை எளியது. தமிழ்ப் பக்கத்தின் தலைப்புக்கு முன்னால் 'டி', 'ஏ' என்ற இரண்டு உரோம எழுத்துகளும் ஒரு முக்காற்புள்ளியும் நிற்கும். ஜெர்மானியப் பக்கத்திற்கு 'டி', 'இ'. ஆங்கிலப் பக்கத்திற்கு மட்டும் முன்னொட்டு ஏதும் இல்லை. வீட்டுக்காரருக்கு அடையாளச் சீட்டு எதற்கு, விருந்தாளிக்குத்தானே வேண்டும் என்பது போலும்! பக்கத்தின் உச்சியிலுள்ள மொழிப் பட்டியலிலிருந்து ஒரு மொழியினின்று மற்றொன்றுக்குத் தாவலாம்.

எனினும் தேடுபவர் எச்சொல்லால் தேடுவார்? சென்னையிலிருந்து வந்தவர் மருத்துவமனை என்பார். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் வாழ்பவர் ஆஸ்பத்திரி என்பார். ஒருவர்க்குத் தபாலாபீசு, மற்றவர்க்கு அஞ்சல் நிலையம். எது தூய தமிழ் என்று வாதிட இஃது இடமன்று. ஒரு பக்கத்தை எழுதி, ஏனைய சொற்களையெல்லாம் அதற்கு 'வழிமாற்று' ஆக அமைத்துவிட்டால், எந்த வாயிலால் வந்தவரும் ஒரே கூடத்தை அடைவர். இது சிறு வேலை. ஒரு மாலைப்பொழுதில் இருபது செய்யலாம்.

எங்களுக்கு நேர்ந்த பிழை ஒன்றையும் மறையாமல் சொல்லுகிறோம். மும்பையில் நாங்கள் சிலர் கூடிச் சாலைகளைப் பற்றிய பக்கத்தைத் தமிழாக்கினோம். அதில் 'டிரங்க்' என்றொரு குறிச்சொல் உண்டு. கிராண்ட் டிரங்க் ரோடு நமக்குப் பழகிய பெயராதலின், ஆங்கிலப் பொது விளக்கத்தை அப்படியே பெயர்த்து, "நாட்டின் தலையாய சாலைகள்" என்று எழுதினோம். அதனைப் படித்த இளைஞர் ஒருவர், எங்கள் புறநகரின் மிக அகலமான சாலைக்கு அக்குறிச்சொல்லை இட்டுவிட்டார். அதுவோ மாநகராட்சிச் சாலை. மராத்தி நண்பர் ஒருவர் அதனைத் திருத்தியதோடு, எங்கள் பக்கத்தைச் சார்ந்த பேச்சுப் பக்கத்தில் வந்து, "இந்தியாவுக்கென்று தனிப் பக்கம் உள்ளதே, பார்க்கவில்லையா?" என்று பரிவுடன் வினவினார். பார்த்தோம். நம் நாட்டில் தேசிய நெடுஞ்சாலைக்கு 'டிரங்க்', மாநில நெடுஞ்சாலைக்கு 'பிரைமரி' என்று அங்கே தெளிவாக வகுத்திருந்தது. எங்கள் மொழிபெயர்ப்பில் சொற்பிழை இல்லை. ஆனால் இந்நாட்டில் வழி கேட்பவருக்கு அது வழி சொல்லவில்லை. தமிழில் எழுதுகிறோம் என்ற மகிழ்ச்சியில், தமிழர் எங்கே நின்று படிப்பார் என்பதை மறந்தோம்.

வேறோர் இடரும் உண்டு. ஆங்கில மூலம் நாள்தோறும் திருத்தப்படுகிறது. தமிழ்ப் பக்கமோ எழுதிய நாளில் நின்றுவிடுகிறது. விக்கிப்பீடியாவின் தோழமைத் தளங்கள் சில இதற்கு ஓர் உபாயம் கண்டுள்ளன. மூலத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே மொழிபெயர்க்கச் செய்கின்றனர். மூலத்தில் ஒரு துண்டு மாறினால், அதற்குரிய தமிழ்த் துண்டு 'பழையது' என்ற அடையாளத்தைத் தாங்கி நிற்கும். பெயர்க்கப்படாத துண்டு ஆங்கிலத்திலேயே தோன்றும். இம்முறையில் ஏமாற்றம் இல்லை. ஆனால் அத்துண்டுகளுக்கிடையே நம் ஊர்ச் செய்தி ஒன்றைச் சேர்க்க விரும்பினால் இடம் கிடைப்பது அரிது. தனிப் பக்கமாக எழுதும் முறையில் இடம் உண்டு, காவல் இல்லை. இரண்டையும் கையாண்டு பார்த்த எங்களுக்கு, பொது நெறிகளுக்குத் துண்டு முறையும், நாட்டு வழக்கங்களுக்குத் தனிப் பக்கமும் ஏற்றவை என்று தோன்றுகிறது.

பக்கம் ஒவ்வொன்றின் பழைய வடிவங்களும் 'வரலாறு' என்ற பகுதியில் அழியாமல் இருப்பதால், புதியவர் கைவைக்க அஞ்ச வேண்டுவதில்லை. எங்கள் சாலைப் பக்கத்தின் வரலாற்றைத் திறப்பவர் "தலையாய சாலைகள்" என்ற வரியை இன்றும் காணலாம். அதற்கு அடுத்த திருத்தத்தை இட்டவர், முன்பு தவறிய அவ்விளைஞரே.