நின்னுட்டு இருந்த கோழிதான் செத்துச்சு

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர். ஞாயிற்றுக்கிழமை ஆனா காங்கேயம் பக்கத்துல இருக்கிற எங்க அம்மாயி தோட்டத்துக்குப் போயிடுவேன். அங்க ஒரு விடியக்காலையில நடந்ததைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

காங்கேயம்னா உங்களுக்குக் காளை ஞாபகம் வரும். அங்க ஆடு, கோழி வளர்க்கிறவங்களைக் கேட்டா இப்போ முதல்ல நாயைப் பத்தித்தான் சொல்வாங்க. 2025 தொடக்கத்துல காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் தெருநாய் கடிச்சுச் செத்த ஆடுகளோட வந்து போராடினாங்க. சந்தை விலைக்கு இழப்பீடு வேணும்னு கேட்டாங்க. ஆடு செத்தாத்தான் செய்தி. கோழி செத்தா யாரும் எழுதறதில்ல. அப்போ வெள்ளம், புயலுக்கான பேரிடர் நிவாரணக் கணக்குலயே ஆட்டுக்கு 4,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய்தான் இருந்தது. அந்தக் காசுக்கு எவ்வளவு நாட்டுக்கோழிக் கறி வரும்னு கடையில கேட்டுப் பாருங்க.

எங்க தோட்டத்தைச் சுத்திக் கிளுவை வேலி. மாடு தாண்டாது. ஆனா நாய் அடியில மண்ணைப் பறிச்சு உள்ள வந்துடும். அன்னைக்கு மூணு நாய். நான் டார்ச் எடுத்துட்டு ஓடறதுக்குள்ள அம்மாயி தடியோட நிக்கறாங்க. நாலு கோழி செத்துக் கிடந்தது, மூணு உயிரோட இருந்தது. ஒண்ணுக்கு முதுகுத்தோல் உரிஞ்சு ரத்தம். ஒண்ணுக்குக் கழுத்துக்குக் கீழ கிழிஞ்சிருந்தது. மூணாவது சும்மா நின்னுட்டு இருந்தது, நாலு றெக்கை மட்டும் உதிர்ந்திருந்தது.

"அறுத்துப்போடலாஞ் சாமி, துடிக்க உடாத"ன்னாங்க அம்மாயி. நான் விடல. "நாளைக்கு நீ பஸ் ஏறிருவ. அதுக்கப்புறம் ஆரு பாக்கறது?"ன்னு கேட்டாங்க. பதில் இல்ல. கம்பெனிக்குப் போன் பண்ணிக் காய்ச்சல்னு மூணு நாள் லீவு சொன்னேன். கோழிக்கு அடிபட்டிருச்சுன்னு மேனேஜர்கிட்ட எப்படிச் சொல்றது?

முதல் வேலை மருந்து இல்ல. ரத்தம் வர்ற இடத்துல சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் பிடிக்கணும். அப்புறம் அட்டைப்பெட்டியில துணி விரிச்சு, இருட்டா, சூடா, சத்தம் இல்லாம வைக்கணும். அதிர்ச்சியிலயே கோழி செத்துப்போகும். தூக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. நமக்கு இருக்கிற உதரவிதானம் அதுக்குக் கிடையாது. நெஞ்சு அசைஞ்சாத்தான் மூச்சு விட முடியும். மத்த கோழிகள்கிட்ட இருந்தும் பிரிக்கணும், ரத்தம் தெரிஞ்சா அதுங்களே கொத்திடும்.

புண்ணைச் சுத்தியிருந்த றெக்கையை வெட்டினேன். கொதிக்க வெச்சு ஆறின ஒரு லிட்டர் தண்ணியில ஒன்பது கிராம் உப்பு. ஊசி கழட்டின சிரிஞ்சுல அதைப் பீச்சிக் கழுவினேன். அப்புறம் பால் ஊத்தாத டீ நிறத்துக்குக் கலந்த போவிடோன் அயோடின். அம்மாயி மஞ்சத்தூள் டப்பாவோட வந்தாங்க. எனக்கும் மஞ்சள் மேல மரியாதை உண்டு. பேராசிரியர் புண்ணியமூர்த்தி தொகுத்த மரபுவழி மருத்துவத்துல மாட்டுப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் எல்லாம் எண்ணெயில காய்ச்சிப் போடச் சொல்லியிருக்காங்க. ஆனா நாய்ப்பல் இறங்கின ஆழமான ஓட்டையை மஞ்சளால அடைச்சா, அழுக்கு உள்ளேயே தங்கிடும்.

கழுத்து கிழிஞ்ச கோழிக்குத் தண்ணி வெச்சோம். குடிச்ச தண்ணி புண்ணு வழியா வெளிய வந்தது. தீனிப்பை கிழிஞ்சிருக்கு. உடனே டாக்டர் இருந்தா தைச்சுப் பார்த்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு எங்க போறது? அம்மாயி என்னைப் பார்த்தாங்க. நான் தலையாட்டினேன். கத்தி எடுத்து ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. அந்தக் கறியை யாரும் சாப்பிடல. செத்த கோழிகளோட சேர்த்து ஆழமாப் புதைச்சோம். ரோட்டோரம் வீசிட்டுப் போறவங்கதான், கறிக்கடைக் கழிவு கொட்டறவங்களும் சேர்த்து, நாய்க்கு இந்த ருசியைப் பழக்கறாங்க.

நின்னுட்டு இருந்த கோழியை நான் சரியா பார்க்கவே இல்ல. நல்லாத்தானே இருக்குன்னு கூடையில கவுத்துட்டேன். திங்கக்கிழமை வந்த கால்நடை டாக்டர் முதுகு உரிஞ்ச கோழிக்கு ஊசி போட்டார். அவர் சொல்ற நாள் வரைக்கும் முட்டையைச் சாப்பிடக்கூடாதுன்னார். இன்னொண்ணு இருக்குன்னு அவர்கிட்ட சொல்லக்கூட எனக்குத் தோணல. செவ்வாய்க்கிழமை காலையில அது செத்துக் கிடந்தது. இறக்கையைத் தூக்கினா நாலு பல் ஓட்டை, நாத்தம். மேல சின்ன ஓட்டைதான். தோலுக்கு அடியில சதை முழுக்கக் கிழிஞ்சு சீழ் பிடிச்சிருந்தது. கோழி வலியைக் காட்டாது, காட்டினா அடுத்த மிருகம் தூக்கிடும்னு அதுக்குத் தெரியும். அதனால நல்லா நிக்கிற கோழியையும் இறக்கைக்கு அடியில, வாலுக்குக் கீழ, றெக்கையை ஊதி விலக்கிப் பாருங்க. தினமும் ரெண்டு வேளை பாருங்க. நம்ம ஊர் வெயிலுக்கு ஒரே நாள்ல ஈ மொய்ச்சுப் புழு வெச்சுடும்.

இன்னொண்ணும் நான் பார்க்கல. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தப்பதான் அம்மாயியோட கெண்டைக்கால்ல பல்லு கீறின தடம் தெரிஞ்சுது. சுண்ணாம்பு வெச்சிருந்தாங்க. "கோழியப் பாத்துட்டு இருந்த, எதுக்குச் சொல்லோணும்?"னாங்க. எனக்குக் கை நடுங்கிடுச்சு. சோப்புப் போட்டு ஓடற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவி, பைக்ல அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனேன். ரேபிஸ் ஊசி அங்க இலவசம். சின்னக் கீறல்தானேன்னு விடாதீங்க, அறிகுறி வந்துட்டா அந்த நோய்க்கு வைத்தியம் இல்ல. முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆவது நாள்னு அட்டையில எழுதிக் குடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் "கோழிக்கு எத்தனை ஊசி போட்ட, எனக்கு மட்டும் எதுக்கு இத்தனை?"ன்னு திட்டிட்டேதான் வந்தாங்க.

முதுகு உரிஞ்ச கோழி பொழச்சுடுச்சு. புது றெக்கை முளைக்குது, இன்னும் அசிங்கமாத்தான் இருக்கு. நான் இல்லாத நாள்ல புண்ணைக் கழுவினது அம்மாயிதான், உப்பை அளந்து போட்டே. இப்போ வேலிக்கு உள்பக்கம் கம்பிவலை கட்டி, அடியில ஒரு அடி மண்ணுக்குள்ள மடிச்சுப் புதைச்சிருக்கோம். கீரி, பாம்புக்கு இந்த வலைக்கண் பெருசு. அதுக்கு என்ன பண்றதுன்னு அடுத்த வாரம் பேசலாம்ங்க.