வீடும் வாடகையும்

(வீட்டுக்காரர்களும் குடித்தனக்காரர்களும் கலந்திருந்த கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



வீடு வாங்கி வாடகைக்கு விடுவதைப் பற்றி நான் பேசவேண்டுமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடவுளைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் பேசுகிறவனுக்கு வாடகைக் கணக்கில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். தோழர்களே! நம் நாட்டில் ஜாதியும் சோதிடமும் கோயிலில் இருப்பதைவிட வீட்டு வாசற்படியில்தான் அதிகமாய்க் குடியிருக்கின்றன. ஆகையால் இதுவும் நம் வேலைதான்.

இங்கு வந்திருப்பவர்களில் பலர் பெரிய பணக்காரர்களல்ல. முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தோ, கடை வைத்தோ மிச்சம் பிடித்த பணத்தை ஒரு வீட்டில் போட்டு, வரும் வாடகையில் முதுமையைக் கழிக்கலாமென்று எண்ணுகிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் வீடு பார்க்கப் போகும்போது முதலில் யாரைக் கேட்கிறார்கள்? பதிவாளர் ஆபீசையா? வக்கீலையா? இல்லை, வாஸ்துக்காரனைத்தான் கேட்கிறார்கள்! இத்தனை அடி அகலமிருந்தால் செல்வமாம். ஓர் அடி கூடினால் சாவாம். அந்த அடியோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த பன்னிரண்டு அங்குல அடி! அவன் வருவதற்கு முன் எழுதியதாகச் சொல்லும் சாஸ்திரத்துக்கு அவனுடைய அடிக்கோல் எப்படிப் பொருந்துகிறது என்று ஒருவராவது கேட்டதுண்டா?

இந்த மூடநம்பிக்கையால் ஒரு வேடிக்கையும் நடக்கிறது. தெற்குப் பார்த்த வீடு, தெருக்குத்து வீடு, யாராவது தூக்குப்போட்டுக்கொண்ட வீடு என்றால் விலை குறைந்துவிடுகிறது. அதே செங்கல், அதே சிமெண்டு, அதே தெருதான். ஆனால் வாங்க ஆளில்லை. அறிவுள்ளவனுக்கு இது நல்ல வியாபாரமல்லவா?

நானும் அப்படி நினைத்துத்தான் பத்து வருஷங்களுக்கு முன் தெற்குப் பார்த்த தெருக்குத்து வீடு ஒன்றை வாங்கினேன். பக்கத்து வீடு விற்ற விலைக்கு ஆறு லட்சம் ரூபாய் குறைவு. மறு வருஷ மழையில் அந்த வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. "பார்த்தாயா, தெருக்குத்து பலித்துவிட்டது!" என்று தெருவே கைகொட்டிற்று. நான் யோசித்துப் பார்த்தேன். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டதால், தெரு என் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருந்தது. எதிரே நேராக வரும் சாலையின் தண்ணீரெல்லாம் ஓடிவந்து என் வாசலில்தான் முட்டவேண்டியிருந்தது. தரையை இரண்டரை அடி உயர்த்தினேன். வாசலில் வடிகால் வெட்டினேன். அதன் பிறகு தெருக்குத்து என்னைக் குத்தவில்லை. ஆனால் மிச்சமென்று நினைத்த ஆறு லட்சத்தில் நாலு லட்சம் போய்விட்டது.

இதில் எனக்குக் கிடைத்த புத்தி என்னவென்றால், மூடநம்பிக்கையைப் பரிகாசம் செய்தால் மட்டும் போதாது, காரணத்தை விசாரிக்கவும் வேண்டும் என்பதுதான். நேரே சாலை வந்து முட்டும் வீட்டில் தண்ணீரும் தூசியும் வண்டிவிளக்கு வெளிச்சமும் தொல்லை தரும் என்பது அறிவு. அந்த வீட்டில் குடும்பத் தலைவன் செத்துப்போவான் என்பது மடமை. மடமையைத் தள்ளும் வேகத்தில் அறிவையும் சேர்த்துத் தள்ளிவிட்டவன் நான்.

மலிவாக ஒரு சொத்து வந்தால் ஏன் மலிவு என்று கேளுங்கள். மூலப்பத்திரத்தைப் பாருங்கள். முப்பது வருஷத்துக்காவது வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அதிலும் எல்லாம் வந்துவிடாது. பதியாத உயில், பங்காளி வழக்கு, உள்ளே குடியிருப்பவனுடைய உரிமை முதலியவைகளை நேரில் போய்த்தான் விசாரிக்கவேண்டும். பட்டாவும் பத்திரமும் ஒத்திருக்கிறதா, ஏரிப் புறம்போக்கில் கட்டினதா என்று பாருங்கள். 2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் சென்னை மூழ்கியபோது, ஏரியை வீடாக்கியதன் பலனை ஜனங்கள் கண்ணால் கண்டார்கள்.

இன்னொன்று முக்கியமாய்ச் சொல்லவேண்டும். 1892-ல் அன்றைய சென்னை அரசாங்கம் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்கியது. செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பயன் அது. பத்து வருஷம் வரையில் விற்கக்கூடாது, அதற்குப் பின்னும் அவ்வகுப்பாருக்கே விற்கவேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பஞ்சமி நிலம் இன்று எத்தனை பேருடைய வேலிக்குள் இருக்கிறது! காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994-ல் செங்கற்பட்டில் போலீசார் சுட்டு இருவர் உயிர் போயிற்று. மலிவாய்க் கிடைக்கிறதென்று அப்படிப்பட்ட மனையை வாங்குகிறவன் திருட்டுச் சொத்தை வாங்குகிறவனே ஆவான்.

இனிக் கணக்குக்கு வருவோம். 40 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து நூற்றுக்கு 9 வீதம் 3 லட்சத்து 60 ஆயிரம். வாடகை மாதம் 10,000 வருமானால் வருஷத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். அதாவது மூன்று வருஷ வாடகை பதிவாளர் ஆபீசிலேயே முடிந்துவிடுகிறது! நூற்றுக்கு 3 வட்டிகூடக் கட்டாத முதல் இது. அதிலும் சொத்து வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், ஆளில்லாமல் பூட்டிக்கிடக்கும் மாதம் இவைகளைக் கழித்தால் நூற்றுக்கு 2 மிஞ்சுவதே கஷ்டம். பாங்கில் இதைவிட அதிக வட்டிக்குக் கடன் வாங்கி இப்படி வீடு வாங்குகிறவன் வாடகையை நம்பி வாங்கவில்லை, மனை விலை ஏறுமென்று சூதாடுகிறான் என்றே அர்த்தம். சூதாட்டமென்று தெரிந்து ஆடினால் அவன் இஷ்டம். பிள்ளையின் படிப்புப் பணத்தை வைத்து ஆடாதிருக்கட்டும்.

இந்தக் கணக்கு கட்டாததால்தான் வீட்டுக்காரர் பலர் குடித்தனக்காரன் மடியில் கைவைக்கிறார்கள். 2016 முதல் தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தில் முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் ஒரே மீட்டரில் மூன்று குடித்தனத்தை வைத்து, யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வீதம் முதல் யூனிட்டிலிருந்தே வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? ஏழைக்குச் சர்க்கார் கொடுத்ததை இடையில் பிடுங்குவதற்கு என்ன பெயர்? பத்து மாத முன்பணம் வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது சுண்ணாம்புச் செலவென்று இரண்டு மாதத்தைக் கழிக்கிறார்களே, அது என்ன நியாயம்?

2017-ல் இயற்றி 2019 பிப்ரவரி முதல் அமுலுக்கு வந்த வாடகைச் சட்டம் இருக்கிறது. உடன்படிக்கை எழுத்தில் இருக்கவேண்டும். வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. சண்டை வந்ததென்று தண்ணீரையும் விளக்கையும் நிறுத்தக்கூடாது. இது குடித்தனக்காரனுக்கு மட்டும் பாதுகாப்பல்ல. எழுத்தில்லாமல் வாய்ச்சொல்லில் விட்ட வீட்டுக்காரன்தான் நாளைக்குக் கோர்ட்டுப் படியேறி அவஸ்தைப்படுகிறான். ஒழுங்காய்ப் பத்திரம் எழுதி, வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுத்து, ரிப்பேரை உடனே செய்து கொடுங்கள். நல்ல குடித்தனக்காரன் வருஷக் கணக்கில் இருப்பான். வருஷம் ஒருமுறை ஆளை மாற்றி ஆயிரம் ரூபாய் ஏற்றுகிறவன், ஒரு மாதம் பூட்டிக்கிடந்தாலே அந்த ஏற்றத்தில் பெரும்பகுதியை இழக்கிறான்.

தோழர்களே! கடைசியாக, சொல்ல வெட்கமான ஒரு சங்கதி. நான் முதன்முதல் வீட்டை வாடகைக்கு விட்டபோது தரகர் என்னைப் பார்த்து, "எந்த மாதிரி ஆளாய்ப் பார்க்கட்டும்?" என்று கேட்டார். கேள்வியின் அர்த்தம் எனக்குத் தெரியும். நான் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது: பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மனைவியோடு வந்திருக்கிறார். தரகர் "சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்டு, வீடு முடிந்துவிட்டதென்று அனுப்பிவிட்டார். மேடையில் ஜாதி ஒழியவேண்டுமென்று முழங்குகிறவனுடைய வீட்டு வாசலில், அவன் மௌனத்தாலேயே ஜாதி காவல் காத்தது! தரகர் மேல் பழிபோட எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வாத்தியாரைத் தேடிப் போனேன். அவர் வேறு வீடு பார்த்துக் குடியேறிவிட்டார். "பரவாயில்லை ஐயா, பழக்கம்தான்" என்றார். அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை.

"சைவர்களுக்கு மட்டும்" என்று போர்டு தொங்குகிறதே, அது கறிக்காகவா? ஜாதிக்கும் மதத்துக்கும் போட்ட முகமூடியே அது! சட்டமாவது தடுக்குமா என்றால், அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமென்று வைத்த வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் விதி செல்லுமென்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. இங்கோ, 1997-ல் தொடங்கிய சமத்துவபுரத் திட்டத்தில் நூறு வீட்டில் 40 தாழ்த்தப்பட்டோருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவருக்கு என்று கலந்து கொடுத்தார்கள். சர்க்கார் செலவு செய்து கலப்பதை, நாம் நம் சாவிக்கொத்தால் பிரித்துக்கொண்டிருந்தால் என்ன பிரயோஜனம்?

ஆகவே வீட்டுக்கார தோழர்களை நான் கேட்பது மூன்றுதான். வாங்கும்போது பஞ்சாங்கத்தைப் பாராமல் பத்திரத்தைப் பாருங்கள். விடும்போது ஜாதியைக் கேளாமல் வாடகை கட்டும் சக்தியைக் கேளுங்கள். தரகர் கேட்கும்போது என்னைப்போல் சிரித்துவிட்டு வராமல், "யாராயிருந்தாலும் சரி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குடித்தனக்கார தோழர்களே! எழுத்தில்லாமல் பணம் கொடுக்காதீர்கள். "பழக்கம்தான்" என்று மட்டும் ஒருநாளும் சொல்லாதீர்கள். நீங்கள் பழகிக்கொள்ளுகிறவரையில் நாங்கள் திருந்தமாட்டோம்.