படத்தில் தெரிவது ஆவியா?

(விஸ்வநத்தம் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)

வெடிவிபத்தில் மாண்டவர் வீட்டில் எடுத்த போட்டோவில் வெள்ளை வட்டமொன்று விழுந்திருந்தால் போதும், "ஆவி வந்துவிட்டது, சாந்தி செய்யவேண்டும்" என்று மந்திரவாதியும் புரோகிதனும் தட்சணைக்கு ஆஜராகி விடுகிறார்கள். செத்த துக்கம் போதாதென்று கடன் வேறு! அந்த வட்டம் யாதென்று நாம் பார்ப்போம்.

பரோடாவில் செய்யப்பட்டு வந்த ஆக்பா கிளிக் 3 கேமராவைப் பலர் கண்டிருப்பீர்கள். 1900-ல் 1 டாலருக்கு வந்த கோடாக் பிரவுனியும் அதே ஜாதிதான். தூரத்துக்குத் தக்கபடி லென்ஸை நகர்த்தும் வேலையே அவற்றில் கிடையாது. ஒரே தூரத்துக்கென்று லென்ஸைப் பொருத்தி, வெளிச்சம் புகும் துவாரத்தைச் சிறிதாக்கி விட்டார்கள். துவாரம் சிறுத்தால் ஒளிக்கற்றை மெலியும்; மங்கலும் குறையும். ஆகவே, கேமராவுக்குத் தக்கபடி 4 அடிக்கோ 10 அடிக்கோ அப்பால், தூரத்து மலை வரையில், எல்லாம் ஒருவாறு தெளிவாகவே விழும்.

ஆனால் அந்த எல்லைக்குள் வந்தது எதுவும் தெளியாது. பிளாஷை லென்ஸின் பக்கத்திலேயே பதித்த மலிவுக் கேமராவில், லென்ஸின் முன் ஓரிரு அங்குலத்தில் பறக்கும் தூசி பளிச்சென்று மின்னி, ஒரு புள்ளியாகக் குவியாமல் துவாரத்தின் வடிவிலேயே விரிந்து விழுகிறது. துவாரத்தைச் சதுரமாக வெட்டினால் ஆவியும் சதுரமாகத்தான் வரும்!

தூசிக்கு நம்மூரில் பஞ்சமா? சந்தேகமுள்ள தோழர்கள் இன்றிரவே வீட்டில் பாயை உதறிவிட்டு, பிளாஷ் போட்டுப் படமெடுத்துப் பார்க்கலாம்.