ஆமைகள் கரையேறும் கடற்கரை

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்துள்ள கிளியூர் எனது ஊர். ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீர் ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து வீழும் அருவியால் அவ்வூரின் பெயரைப் பலரும் அறிவர். காப்பிச் செடியையும் மிளகுக் கொடியையும் கண்டு வளர்ந்த மலைநாட்டானுக்குக் கடல் என்பதே பெரிய புதுமை. அக்கடலில் வாழும் உயிர்களை அயல்நாட்டுக் கரையொன்றில் காணும் வாய்ப்பு, இலங்கைக்குச் சென்றபோது எனக்குக் கிட்டியது. அங்கே கண்டதையும், அதனால் நாம் அறிய வேண்டுவதையும் இன்று கூற விரும்புகிறேன்.

உலகில் கடலாமைகள் ஏழு வகைப்படும். அவற்றுள் ஐந்து வகை இலங்கைக் கரையில் முட்டையிடுகின்றன. பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்று நம் மீனவர் அவற்றை அழைப்பர். தென்னிலங்கையில் தங்காலைக்குச் சற்றுக் கிழக்கே ரேகவ என்னும் கடற்கரை உள்ளது. பேராமைகள் இரவில் அங்கே கரையேறுகின்றன.

அக்கரையில் விளக்கு ஏற்றலாகாது, உரக்கப் பேசலாகாது. ஆமை குழி தோண்டி முட்டையிடத் தொடங்கிய பின்னரே காவலர் எங்களை அருகே அழைத்தனர். அதற்கு முன் ஆள் நடமாட்டத்தைக் கண்டால் அது முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். ஆகவே நெடுநேரம் இருளில் அமர்ந்திருந்தோம். பின்னர் அதன் பின்புறமாகச் சென்று கண்டோம். பின்துடுப்புகளைக் கைகள்போல் வளைத்து, மணலை அள்ளி அள்ளி வெளியே இட்டுத் தோண்டிய குழி அது. அதில் வெண்மையான உருண்டை முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வீழ்ந்தன. பேராமை ஒரு முறைக்கு ஏறக்குறைய நூறு முட்டைகள் இடும். இட்டு முடித்ததும் குழியை மூடி, இடம் தெரியாதவாறு சுற்றிலும் மணலை வாரி இறைத்துவிட்டுக் கடலை நோக்கி ஊர்ந்தது. அதன் கண்ணில் நீர் வழிந்தது. அது துயரக் கண்ணீரன்று. உடலில் மிகுந்த உப்பைக் கண்ணருகேயுள்ள சுரப்பிகள் அவ்வாறு வெளியேற்றுகின்றன.

தாய் மீண்டும் வந்து குழியைப் பார்ப்பதில்லை. மணலின் வெப்பமே முட்டைகளை அடைகாக்கிறது. அவ்வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகும். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் வெளிவருகின்றன. இருண்ட கரையைவிடக் கடலின் அடிவானம் சற்று வெளிச்சமாயிருக்கும். அவ்வொளியே அவற்றுக்கு வழிகாட்டி. கரையில் விடுதி விளக்குகள் எரிந்தால் அவற்றைக் கடலென மயங்கி ஊர்ப்புறம் சென்று மடிகின்றன. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே முழு வளர்ச்சி அடையும் என மதிப்பிடுவர். அவ்வாறிருக்க, நம்முடைய ஒரு விளக்கு எத்தனை உயிர்களுக்குக் கேடாகும்!

முன்பு அக்கரையில் முட்டைகளைத் தோண்டியெடுத்து விற்பது சிலருக்குப் பிழைப்பாயிருந்தது. 1990களில் அவர்களையே ஊதியம் கொடுத்துக் காவலராக அமர்த்தினர். குழி இருக்கும் இடத்தை அவர்களைவிட நன்கறிந்தவர் யாவர்? தண்டனையால் மட்டும் காக்க இயலாததை, பிழைப்புக்கு வேறு வழி காட்டிக் காக்க முயன்றனர். நான் அங்கே கற்ற பாடங்களுள் இதுவே தலையாயது.

இதனைக் காண இலங்கை வரை செல்ல வேண்டுமோ என்று நீங்கள் வினவலாம். சென்னைக் கடற்கரையிலும் ஆண்டுதோறும் பங்குனி ஆமைகள் கரையேறுகின்றன. 1988 முதல் மாணவர் குழுவொன்று அப்பருவத்தில் இரவெல்லாம் நீலாங்கரைப் பகுதியில் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறது. எனினும் 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் அக்கடற்கரையில் இறந்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் சிக்கி மேலே வர இயலாவிடின் மூச்சடைத்து இறக்கும். சிக்கிய ஆமை தப்பிச் செல்ல வலையில் வழி அமைக்கும் கருவி உண்டு. அதனை எல்லாப் படகுகளும் பயன்படுத்தச் செய்வதே இன்றுள்ள தேவை.

மலைநாட்டில் வாழும் மாணவர்களும் இதனைத் தம் காரியமாகக் கொள்ளல் வேண்டும். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தின் வழியே ஓடிக் காவிரியில் கலக்கிறது. காவிரியோ கடலைச் சேர்வது. நாம் ஓடையில் எறியும் பிளாஸ்டிக் பையும் வெள்ளக் காலத்தில் அவ்வழியே கடல்வரை செல்லக்கூடும். ஏழுவரி ஆமையின் முதன்மையான உணவு சொறிமீன். நீரில் மிதக்கும் பையைச் சொறிமீனென்று எண்ணி அது விழுங்கிவிடுகிறது.

ஆகவே, எந்நாட்டுக் கரைக்குச் சென்றாலும் விளக்கை அணைத்து, விலகி நின்று, பொறுமையுடன் காணுங்கள். கடலைக் காணாது மலையிலேயே இருந்தாலும், கடலுக்குச் செல்லும் நீரைத் தூயதாக அனுப்புங்கள். கண்டு மகிழ்வதற்கு உரிமை கொண்டாடும் நமக்குக் காக்கும் கடமையும் உண்டு.